புறம்போக்கு என்பது வசைச்சொல்லா?

(வேங்கிக்கால் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தெருவில் இருவர் சண்டையிட்டால் ஒருவனை மற்றவன் 'புறம்போக்கு' என்று ஏசுகின்றான். ஒரு நல்ல தமிழ்ச்சொல்லை நாம் எவ்வாறு இழிவாக்கிவிட்டோம், பாருங்கள்! வரிக்கணக்கினின்று புறத்தே போக்கப்பட்ட நிலம் புறம்போக்கு. ஊரார் அனைவரும் பயன்கொள்வதற்கென்று விடப்பட்ட நிலத்திற்கு எவனிடம் வரி கேட்பது? சோழர் காலத்து நிலக்கொடை ஆவணங்களில் மன்று, கன்றுமேய்பாழ், குளம் என்று தனித்தனியே பெயர் சொல்லி எழுதினார்கள். 'பாழ்' என்று எழுதியபோதும் கன்று மேயும் இடமென்று அதற்கொரு பயனையும் சேர்த்தே எழுதினார்கள். நாமோ, பொதுநிலம் உரியவன் இல்லாத நிலம் என்று எண்ணத் தொடங்கினோம். சொல்லும் வசையாயிற்று, நிலமும் களவு போகின்றது.

நம் ஊருக்கு வருவோம். 1989ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இவ்வேங்கிக்காலில் அமைந்தது. அதன்பின் வயல்கள் மனைகளாயின. மனை வாங்கியவர்களைக் குறைகூற நான் வரவில்லை, நானும் வாங்கியவனே. ஆனால், வாங்கும்போது நாம் பார்த்ததென்ன? சாலைக்கு எவ்வளவு அண்மை, கிணற்றில் நீருண்டா, விலையென்ன என்று பார்த்தோம். வரைபடத்தின் ஓரத்தில் பசுமை வண்ணம் தீட்டியிருந்த அந்தக் கட்டத்தைப் பார்த்தோமா?

அந்தக் கட்டந்தான் இன்றைய பேச்சு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 2½ ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான நிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்குதல் வேண்டும். ஒதுக்கினால் மட்டும் போதாது. பதிவகத்தார் 'தானப்பத்திரம்' என்று வடசொல்லால் வழங்கும் கொடையாவணத்தைப் பதிந்து, அந்நிலத்தை உள்ளாட்சிக்கு விலையின்றி ஒப்படைத்தல் வேண்டும். உள்ளாட்சி ஒரு காசு செலவின்றி நிலம் பெறும் வழி இது. அதனையும் கைநழுவ விட்டால் பின்னர் அதே நிலத்தை எந்தப் பணத்தைக் கொண்டு வாங்குவது?

நான் குடியிருந்த ஒரு மனைப்பிரிவில் நடந்ததைக் கூறுகிறேன், ஊர்ப்பெயர் வேண்டா. வரைபடத்தில் பூங்கா இருந்தது. பிள்ளைகள் அங்கே பந்தாடினார்கள். எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது. ஒருநாள் காலையில் அங்கே நான்கு மூலைக்கும் கல் நட்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கேட்டோம். கொடையாவணம் பதியப்படவேயில்லை, நிலம் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது, அவர் விற்றுவிட்டார். பதினொரு ஆண்டுகள் அந்த வழியே நடந்த நாங்கள் ஒருநாளாவது ஊராட்சியில் சென்று, 'இந்நிலம் உங்கள் கணக்கில் ஏறியதா?' என்று கேட்டோமில்லை. விற்றவரை வைவது எளிது. எங்கள் சோம்பலை என்னென்பது?

கேட்டவர்கள் வென்றும் இருக்கின்றார்கள். பெங்களூரில் பூங்காவிற்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அப்பகுதி மக்களே வழக்காடினார்கள். 1991ஆம் ஆண்டில் உச்ச நயன்மன்றம் அவ்வொதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனை நல்லதுதானே என்று கேட்பார் உண்டு. நல்லதுதான், பூங்காவில் வேண்டா. சென்னைப் பெருநகருக்குரிய பத்திலொரு பங்கு விதி செல்லாதென்று எழுந்த வழக்கிலும், விதி செல்லும் என்றே 2023ஆம் ஆண்டு அதே மன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, சட்டமில்லை என்று எவரும் சொல்ல வியலாது. 1959ஆம் ஆண்டிலேயே பூங்கா, விளையாட்டுத்திடல், திறந்தவெளிகளைக் காப்பதற்கென்று தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்துவிட்டது.

இப்பொழுது ஏன் இத்துணை விரைவு என்கிறீர்களா? 2024ஆம் ஆண்டில் திருவண்ணாமலை மாநகராட்சியாயிற்று. வேங்கிக்கால் உள்ளிட்ட அண்டை ஊராட்சிகளை அதனோடு இணைப்பதும் அவ்வாண்டில் அறிவிக்கப்பட்டது. ஊராட்சிச் சட்டத்தின் 134ஆம் பிரிவு மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மந்தை, வண்டித்தங்கல், தோப்பு ஆகிய புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் வைத்திருந்தது. கணக்கு ஒரு கையினின்று மற்றொரு கைக்கு மாறும்போதுதான் ஏடுகள் தொலையும். குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது அண்டா குண்டான் காணாமற்போவதை நாம் அறியோமா?

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரில் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம் என்று குடவோலை வழியே ஆள் தேர்ந்தார்கள். நிலமும் வீடும் உடையார்க்கே இடந்தந்த அவை அது. அதனை அப்படியே போற்ற நான் சொல்லவில்லை. ஆயினும், இன்ன நிலத்திற்கு இன்னார் பொறுப்பு என்பது அங்கே கல்லில் இருந்தது. நமக்குக் கல் வேண்டா. ஒரு பட்டியல் போதும். வேங்கிக்காலில் எத்தனை மனைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஒதுக்கிய இடம் எவ்வளவு, கொடையாவண எண் என்ன, வேலியுண்டா, ஏரியின் எல்லைக்கற்கள் எங்கே என்று எழுதி மாநகராட்சி வாயிலில் ஒட்டச் சொல்வோம். ஆவணம் இல்லாத இடத்திற்கு உடனே ஆவணம் பதியச் சொல்வோம்.

அவர்கள் எழுதும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று மனைப்பிரிவுகளின் வரைபடப் படிகள் என் கைப்பையில் உள்ளன. உங்கள் தெரு அதில் இருந்தால், கூட்டம் கலையுமுன் என்னிடம் வந்து பாருங்கள். ஞாயிறன்று காலை அளவு நாடாவோடு புறப்படுகிறோம்.