ஓர் அலகு மின்சாரம்

மாத முடிவில் மின்பட்டியல் வந்ததும் பல இல்லங்களில் முதலிற் பழி சுமப்பது பிள்ளை படிக்கும் விளக்கேயாகும். “இரவிரவாக விளக்கெரித்தாற் பணம் ஏறாதா?” என்று தந்தையார் கடிந்துகொள்வார், பிள்ளையும் புத்தகத்தை மூடிவிடும். அத்தீர்ப்பு நீதியானதுதானா என்பதை மின்மானியையே சாட்சியாக அழைத்து ஆராய்தல் தகும்.

இங்கு இரண்டு அளவுகளை வேறுபிரித்து அறிதல் வேண்டும். ஒரு கருவி எவ்வளவு விரைவாகச் சக்தியைச் செலவிடுகின்றது என்பது வலு. நீராவிப் பொறியைத் திருத்தியமைத்த யேம்ஸ் வாற் என்பாரின் பெயரால் அது ‘வாற்று’ என்னும் அலகில் அளக்கப்படுகின்றது. அவ்வலுவைத் தொழிற்பட்ட நேரத்தாற் பெருக்க வருவது சக்தி. குழாயிலிருந்து நீர் பாயும் வேகம் வலுவைப் போன்றது. குடத்தில் நிரம்பிய நீர் சக்தியைப் போன்றது. மின்மானி கணக்கெடுப்பது குடத்து நீரையே.

1,000 வாற்று வலு ஒரு மணி நேரம் தொழிற்பட்டாற் செலவாகும் சக்தி ஒரு கிலோவாற்று மணி. பட்டியலில் ‘அலகு’ எனப்படுவது இதுவே. இது 36 இலட்சம் யூலுக்குச் சமம். சிறிதும் வீணாகாது பயன்படுமாயின், 50 கிலோகிராம் நிறையுள்ள அரிசி மூடையொன்றைக் கடல்மட்டத்திலிருந்து 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை உச்சிக்கு இருமுறை ஏற்றிய பின்னரும் மிச்சமிருக்கும்.

பழைய மின்மானியில் அலுமினியத் தட்டொன்று சுழல்வதைக் காணலாம். வலு இருமடங்கானாற் சுழற்சியும் இருமடங்கு விரைவாகும். சுற்றுக்களின் தொகை எண்களாகப் பதியும். இலத்திரனியல் மானியிலோ தட்டுக்குப் பதிலாகச் சிறு விளக்கொன்று மினுங்கும். இம்மாத எண்ணிலிருந்து சென்ற மாத எண்ணைக் கழிக்கச் செலவான அலகுகள் பெறப்படும்.

இனி வழக்குக்கு வருவோம். 10 வாற்று எல்.ஈ.டி. குமிழ் ஓர் அலகைச் செலவிட 100 மணி நேரம் எரிதல் வேண்டும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிக்கும் பிள்ளைக்கு 30 நாளில் 90 மணி நேரமே ஆகும். ஓர் அலகும் நிரம்பவில்லை. 1,000 வாற்று மின்னழுத்தியோ இடைவிடாது சூடேறினால் ஒரே மணி நேரத்தில் அவ்வலகை முடித்துவிடும். தந்தையார் சிறுவராயிருந்த காலத்து 100 வாற்று இழைக்குமிழ் அதே 90 மணி நேரத்தில் ஒன்பது அலகு உண்டது. அவரது கோபம் அக்குமிழுக்குப் பொருந்தும், இக்குமிழுக்குப் பொருந்தாது.

மெய்யான குற்றவாளியைக் காண வழியும் உண்டு. வீட்டின் ஆளிகள் அனைத்தையும் நிறுத்திவிட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக இயக்கி, மானியின் வேகத்தை நோக்குக. எது தட்டை விரைந்து சுழற்றுகின்றதோ, எது நாள் முழுவதும் ஓய்வின்றி இயங்குகின்றதோ, அங்கேயே சிக்கனம் தொடங்கவேண்டும். பிள்ளையின் விளக்கு எரியட்டும்.