பெரும்பான்மையின் ஜனாதிபதியும் நீதிமன்றத்தின் தீர்ப்பும்



அமெரிக்க ஜனநாயகத்தைப் பற்றிப் பேச எழுவோர் பெரும்பாலும் லிங்கனிடம் தொடங்குவர். நாம் அவருக்கு ஒரு தலைமுறை முந்திச் செல்ல விரும்புகிறோம். அந்நாட்டில் சாதாரண குடிமகனுக்கு வாக்குரிமை விரிந்த காலமும், அம்மண்ணின் பூர்வகுடிகள் தம் நிலத்தை இழந்த காலமும் ஒன்றே. முதலாவதால் ஆட்சிபீடம் ஏறிய அன்ட்ரூ ஜக்சனே இரண்டாவதை முன்னின்று நடத்தினார். இது தற்செயலன்று என்பது நமது துணிபு.

1824 ஆம் ஆண்டுத் தேர்தலில் நால்வர் போட்டியிட்டனர். தேர்வாளர் வாக்குகள் 261 இல் ஜக்சன் 99, ஜோன் குவின்சி அடம்ஸ் 84, குறோபோட் 41, ஹென்றி கிளே 37. அறுதிப் பெரும்பான்மை எவருக்கும் இல்லை. எனவே அரசியலமைப்பின்படி பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்கு ஒரு வாக்காக, முதல் மூவருள் ஒருவரைத் தெரிய வேண்டியதாயிற்று. நான்காமவராய் விலக்கப்பட்ட கிளேயோ அச்சபையின் சபாநாயகர்! அவர் அடம்ஸை ஆதரித்தார். 24 மாநிலங்களில் 13 அடம்ஸின் பக்கம் நின்றன. சில நாட்களில் கிளே இராஜாங்கச் செயலாளராக நியமிக்கப்பட்டார். சட்டத்தின் எழுத்துப்படி குற்றம் ஏதுமில்லை. ஆனால் 'ஊழல் பேரம்' என்ற கூக்குரல் நான்கு ஆண்டுகள் ஓயவேயில்லை.

அக்கூக்குரலே ஒரு கட்சியாக வளர்ந்தது. 1824 இல் ஆறு மாநிலங்களில் தேர்வாளரைச் சட்டசபைகளே நியமித்தன. 1828 இல் இரண்டே மாநிலங்கள். மக்கள் அளித்த வாக்குகள் மூன்றரை இலட்சம் அளவிலிருந்து 11 இலட்சத்துக்கு மேல் உயர்ந்தன. ஜக்சன் 178க்கு 83 என்ற கணக்கில் வென்றார். நிலமும் குலமும் உடையோரின் பிடி தளர்ந்தது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் விரிந்த அவ்வுரிமைக்கு ஒரு நிறம் இருந்தது. 1821 இல் நியூயோர்க் தன் அரசியலமைப்பைத் திருத்தியபோது, வெள்ளையருக்குச் சொத்துத் தகுதியைத் தளர்த்தி, கறுப்பினத்தவருக்கு மட்டும் 250 டொலர் சொத்து வேண்டும் என விதித்தது. பென்சில்வேனியா 1838 இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமையை முற்றாகவே பறித்தது. அடிமைகளையும் பெண்களையும் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இனிச் செரோக்கி மக்களிடம் வருவோம். இவர்கள் காட்டில் திரிந்த கூட்டத்தினர் அல்லர். செக்கோயா என்பவர் வகுத்த எழுத்தைக் கற்றனர். 1827 இல் எழுத்துவடிவில் அரசியலமைப்பு இயற்றினர். 1828 இல் இருமொழிப் பத்திரிகை ஒன்றையும் தொடங்கினர். ஜோர்ஜியா மாநிலம் செய்தது என்ன? அவர்களுடைய சட்டங்கள் செல்லாவென்று பிரகடனம் செய்தது. வெள்ளையருக்கெதிராக அவர்கள் சாட்சி சொல்லலாகாது என்றது. அந்நிலத்தில் பொன் இருப்பது தெரிந்த பின் வேகம் இன்னும் கூடிற்று.

1830 இல் ஜக்சனின் அகற்றற் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 வாக்குகளால் நிறைவேறியது. ஐந்தே வாக்குகள்! ஜக்சனின் சொந்த மாநிலத்தவரான டேவிட் குறொக்கெட் எதிர்த்து வாக்களித்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். அச்சட்டத்தைப் படித்துப் பார்த்தால், கட்டாயம் என்ற சொல்லே அதில் இல்லை. விரும்புவோர் நிலத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றே கூறும். தங்கியிருப்பதை இயலாததாக்கும் வேலையை ஜோர்ஜியா செய்தது. விருப்பத்தைப் பதிவுசெய்யும் வேலையை வோஷிங்டன் செய்தது. சட்டம் பயின்ற நாம் இத்தகைய வேலைப்பிரிவைக் கூர்ந்து நோக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

செரோக்கியர் ஆயுதம் ஏந்தவில்லை, வழக்குத் தொடுத்தனர். முன்னாள் சட்டமா அதிபர் வில்லியம் வேட் அவர்களுக்காக வாதாடினார். 1831 இல் அவர்கள் அந்நிய அரசல்லர் என்று கூறி உயர் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு வூஸ்டர் என்னும் பாதிரியாரின் வழக்கு வந்தது. மாநிலத்தின் அனுமதியின்றிச் செரோக்கி மண்ணில் வசித்த குற்றத்துக்காக அவருக்கு நான்காண்டுக் கடூழியச் சிறை! பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல், ஜோர்ஜியாவின் சட்டம் அங்கே செல்லாது என 1832 மார்ச் 3 இல் தீர்ப்பளித்தார்.

தீர்ப்பளித்தவரே அதை நிறைவேற்றட்டும் என்று ஜக்சன் சொன்னதாக ஒரு கதை உண்டு. அது பல்லாண்டு கழித்து அச்சேறிய செவிவழிச் செய்தி. நாம் அதை ஏற்கவில்லை. அக்கட்டளை ஜக்சனை நோக்கியதன்று என்பதும், ஜோர்ஜியா பணிய மறுப்பதற்கு முன்பே நீதிமன்றத்தின் தவணை முடிந்திருந்தது என்பதும் உண்மையே. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் தென் கரோலினா சுங்கவரிச் சட்டத்தை ஏற்க மறுத்தபோது, அதே ஜக்சன் கடும் பிரகடனம் விடுத்தார். 1833 மார்ச்சில் படைபலம் பிரயோகிக்கும் அதிகாரத்தையும் பெற்றார். மாநிலம் மத்திய அரசின் வரியை மறுத்தால் துரோகம்; மத்திய நீதிமன்றத்தின் தீர்ப்பை மறுத்தால் மௌனமா?

இவ்விரண்டுக்கும் இடையே தேர்தலும் நடந்தது. ஜக்சன் 219 வாக்குகள் பெற்றார்; கிளே 49. அதே தேர்தலில் வேறொரு கட்சியின் சார்பில் நின்ற வழக்கறிஞர் வேட்டுக்குக் கிடைத்தவை ஏழு. வாக்குச் சீட்டில்லாத செரோக்கியரைத் துன்புறுத்தியதற்காக ஜக்சன் ஒரு வாக்கையேனும் இழக்கவேண்டியிருந்ததா? ஜோர்ஜியாவில் அவருக்கு அது ஆதாயமாகவே முடிந்தது.

1835 டிசம்பரில், செரோக்கி அரசின் அதிகாரம் பெறாத சிறு குழுவொன்றிடம் ஐம்பது இலட்சம் டொலருக்கு நிலம் முழுவதற்கும் கையொப்பம் வாங்கப்பட்டது. அம்மக்களின் தலைவர் ஜோன் றொஸ் 15,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயரால் ஆட்சேபித்தார். செனட் சபை 31க்கு 15 என ஒப்புக்கொண்டது. ஒருவர் மாறி வாக்களித்திருப்பின் மூன்றிலிரண்டு கிட்டியிராது. 1838 இல், வான் பியூரன் ஜனாதிபதியாக இருந்தபோது, படையினர் ஏறக்குறைய 16,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றி மேற்கே அனுப்பினர். முகாம்களிலும் வழியிலுமாக மாண்டோர் நாலாயிரம் வரை என்பது பொதுவான மதிப்பீடு.

அதே ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு, பிரதிநிதிகள் சபையில் செரோக்கியருக்கு ஒரு பிரதிநிதி உண்டு என வாக்களிக்கிறது. 2019 இல் அவர்கள் அப்பிரதிநிதியை நியமித்தனர். 2022 நவம்பரில் சபையின் குழுவொன்று அதுபற்றி விசாரணை நடத்தியது. ஆசனம் வழங்கும் தீர்மானம் எதுவும் அன்று எடுக்கப்படவில்லை.