தண்ணீர்மலை அருகே ஒரு பூங்கா

தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகாத தோட்டக் குடும்பங்கள் நம்மிடையே குறைவு. ஆனால் அதே சாலையில் இன்னும் சற்று நடந்து, பினாங்குத் தாவரவியல் பூங்காவுக்குள் கால் வைத்தவர்கள் எத்தனை பேர்?

நிபோங் திபாலிலிருந்து ரயிலேறி, பட்டர்வொர்த்தில் ஃபெரி பிடித்து, எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றோம். கல்லுடைத்த பழைய இடத்தை 1884ஆம் ஆண்டு முதல் பூங்காவாக்கியவர் சார்லஸ் கர்ட்டிஸ். அங்கே நாகலிங்க மரத்தைக் கண்டதும் பிள்ளைகள், "நம்ம ஊர் மரம்!" என்றார்கள். அதன் தாயகம் தென்னமெரிக்கா என்றோம், நம்பவில்லை.

ஒரு பையன் மரம் மரமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், ஒன்றில்கூட வெட்டுக் காயம் இல்லையே!" என்றான். பால்மரம் சீவுகிறவர் மகன் வேறெதைப் பார்ப்பான்?

அவனை உட்கார வைத்துச் சொன்னோம். நம் பால்மரமும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1876இல் பிரேசிலிலிருந்து சுமார் எழுபதாயிரம் விதைகள் லண்டன் கியூ பூங்காவுக்குப் போயின. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்தன. பிரேசில் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரத்தைக் கெடுக்காமல், அதே வெட்டை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைப் பூமலை அதிகாரி ரிட்லி சோதித்துக் கண்டார். அப்பாவின் கையிலுள்ள உளி செய்வதும் அதைத்தான் என்றதும், பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். குரங்குகளுக்கு மட்டும் தீனி போடாதீர்கள்; பழகிவிட்டால் கைப்பையைப் பிடுங்கும்.