அச்சடித்த ஊர் எது?



எங்கள் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கரையோரமாக வடக்கே சென்றால் தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை நிற்கிறது. அதற்கும் அப்பால் காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார். தெற்கே, 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த காரைக்கால். இச்சிறு கரையில்தான் எத்தனை நாட்டார் காசுகள் கைமாறியிருக்கும் என்ற எண்ணமே இளமையில் என்னைப் பழங்காசுகளின்பால் ஈர்த்தது. இன்று அவற்றுள் மிகப் பழையவற்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவை உரோமப் பேரரசின் காசுகள்.

உரோமக் காசு என்றதும் அஃது உரோமாபுரியிலேயே அடிக்கப்பட்டது என்று எண்ணிவிடுகிறோம். உண்மை வேறு. மாகாணங்கள் பலவற்றிலும் அக்கசாலைகள், அதாவது காசடிக்கும் சாலைகள், இருந்தன. கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்துள்ளவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய இரு பேரரசர்களின் வெள்ளிக் காசுகள். 'தெனாரியஸ்' என்னும் அக்காசு ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ளது. அகஸ்டஸின் பேரர் இருவர் கேடயங்களோடு நிற்கும் காசும், திபேரியஸின் தலையும் மறுபுறம் வீற்றிருக்கும் ஒரு பெண்ணுருவமும் கொண்ட காசுமே அவற்றுள் பெரும்பகுதி. அவை அடிக்கப்பட்ட ஊர் லுக்தூனம். பிரான்சு நாட்டில் இன்று லியோன் என வழங்குவது அவ்வூரே! பிரெஞ்சுக்காரர் காரைக்காலில் கால் வைப்பதற்கு 17 நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர்கள் நாட்டு வெள்ளி நம் மண்ணுக்கு வந்துவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தமிழகம் நோக்கி வந்த கப்பல்கள் எகிப்து நாட்டின் செங்கடல் துறைகளிலிருந்து புறப்பட்டவை. எகிப்தின் அலெக்சாந்திரியாவிலோ பெரிய அக்கசாலை ஒன்று இருந்தது. அப்படியிருக்க, அந்நகரத்து வெள்ளிக் காசுகளை விட்டுவிட்டு, தொலைவிலுள்ள லுக்தூனத்துக் காசுகளை வணிகர் கொண்டு வந்தது ஏன்?

விடை பொருளாதாரத்தில் இருக்கிறது. அலெக்சாந்திரியக் காசு எகிப்துக்குள் மட்டுமே செல்லும். அதில் வெள்ளியும் குறைவு, கலப்பே மிகுதி. நம் முன்னோர்க்கு அரசன் முகமா பெரிது? காசை நிறுத்தும் உரைத்தும் பார்த்தே வாங்கினர் என்று கொள்ளலாம். மிளகுக்கு ஈடாக அவர்கள் ஏற்றது தூய வெள்ளியும் பொன்னுமே. கி.பி. 64-இல் நீரோ காசுகளின் எடையைக் குறைத்தான். நம் நாட்டு வெள்ளிப் புதையல்கள் பெரும்பாலும் அதற்கு முற்பட்ட காசுகளாக இருப்பது தற்செயல் அன்று. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் 501 பொற்காசுகள் அகப்பட்டன. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளி வெட்டு விழுந்திருக்கிறது. தேய்ந்த காசை மீண்டும் செலாவணியில் விடாதிருக்கவே வெட்டினர் என்று சில அறிஞர் கருதுவர். காரணம் எதுவாயினும், அம்முகத்திடம் இங்கே எவரும் அஞ்சவில்லை என்பது தெளிவு.

நான்காம் நூற்றாண்டு வந்ததும் காட்சி மாறுகிறது. வெள்ளி போய், சுண்டுவிரல் நகத்தளவே உள்ள செப்புக் காசுகள் வருகின்றன. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் கிடைத்த இவற்றை இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் அரும்பாடுபட்டுத் திரட்டி ஆராய்ந்து, 1994-இல் நூலாக்கினார். இக்காசுகளின் பின்புறத்தில், உருவத்திற்குக் கீழே ஒரு கோடும் அதனடியில் மூன்று நான்கு எழுத்துகளும் இருக்கும். அவையே அக்கசாலையின் குறி. அந்தியோக்கியாவா, அலெக்சாந்திரியாவா, கான்ஸ்டாண்டிநோபிளா என்று உரைப்பவை அவ்வெழுத்துகளே.

இனி என் பிழையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன், கரூரில் வேலை பார்த்த அவன் மாமா கொடுத்ததாகப் பச்சைக் களிம்பேறிய காசு ஒன்றைக் கொணர்ந்தான். "எந்த ஊர்க் காசு, சார்?" என்றான். நானோ வீட்டுக் குத்துவிளக்கை விளக்குவது போலப் புளியும் சாம்பலும் இட்டு, வகுப்பின் முன்னிலையிலேயே அதைத் தேய்த்தேன். காசு பளபளத்தது, பிள்ளைகள் கைதட்டினர். பின்னர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், கோடு இருந்தது. கோட்டின் கீழ் ஒன்றும் இல்லை. பதினாறு நூற்றாண்டுகளாக ஆற்றுமணல் அழிக்காததை ஆசிரியன் கை கால் மணி நேரத்தில் அழித்துவிட்டது. அம்மாணவன் மீண்டும் அக்கேள்வியைக் கேட்கவில்லை. "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சார்" என்று மட்டும் சொன்னான்.

அதன் பின் நான் எக்காசையும் தேய்த்ததில்லை. எடையையும் கிடைத்த இடத்தையும் முதலில் எழுதிவிடுவேன். மண்ணில் புதையலாகக் காசுகள் கிடைத்தால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம். கிடைத்த இடம் பதிவாவதற்கும் அதுவே வழி.

அந்தக் காசு இன்றும் என்னிடம், ஒரு காகித உறையில் இருக்கிறது. உறையின்மேல் உலோகம், எடை, கிடைத்த ஊர் எல்லாம் எழுதியிருக்கிறேன். அக்கசாலை என்ற இடத்தில் மட்டும் ஒரு வெறுங்கோடு.