சிறைச் சுவருக்குள் உடல்நலம்: அறியும் உரிமை நமக்கு உண்டு



வெள்ளி விழா மேடையில் சிறையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசியே ஆக வேண்டும். 2020 சூன் 20ஆம் நாள், சாத்தான்குளத்து வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் நமது கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைக்கப்பட்டனர். சிறைக்கு அனுப்பத் தக்க உடல்நிலை என்று மருத்துவச் சான்று தரப்பட்டிருந்தது. 22ஆம் நாள் இரவு மகனும், மறுநாள் காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் உயிர் நீத்தனர். வணிகர்கள் கடையடைத்தனர், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, உண்மை வெளிவரலாயிற்று.

அவர்கள் நம் சமூகத்தார் அல்லர். ஆயினும் அத்துயரம் நம்முடையதே. நம் கூலித் தொழிலாளி ஒருவர் சிறையில் நோயுற்றால் அவருக்காகக் கடையடைப்பவர் யார்? 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, சிறைவாசிகளிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். சிறைப் பதிவேடுகளில் சாதிக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் நம் பாளையங்கோட்டைச் சிறையின் சாதிப் பிரிவினையும் பேசப்பட்டது.

நோயாளியின் நோய் அவருக்கே உரிய மறைபொருள் என்பர். மெய்தான், எவர் பெயரையும் நாம் கேட்கவில்லை. சிறைக்கு மருத்துவர் உண்டா, எத்தனை நாள் வருகிறார், எத்தனை பேர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர், எத்தனை பேர் இறந்தனர், என்ன காரணத்தால் என்பவையே நாம் கேட்பவை. இவை மக்கள் வரிப்பணத்தின் கணக்கு.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. காரணம் கூற வேண்டியதில்லை. விடை 30 நாள்களுக்குள் வர வேண்டும். ஒருவரின் உயிரையோ விடுதலையையோ பற்றிய செய்தியெனில் 48 மணி நேரத்திற்குள். விடை மறுக்கப்பட்டால் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இளைஞர்களே, நம் முன்னோர் கைநாட்டு வைத்த மனுக்களைப் பிறர் எழுதினர். எழுதியது என்னவென்று அவர்கள் அறியார். நாம் எழுதக் கற்றோம். அந்த எழுத்து நம் தேர்வுத் தாளோடு நின்றுவிடலாகாது. ஊருக்கு இருவர் இம்மனுவை எழுதப் பழகுவோம். சிறைக்குள் இருப்பவர் கேட்க இயலாததை வெளியிலிருந்து நாம் கேட்போம்.