நாளைய சைக்கிள் பவனியும் நாங்கள் உடுக்கப் போவதும்

(நூற்றாண்டு விழாவின் இராப்போசன ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



நாளை காலை நடக்கவிருக்கும் சைக்கிள் பவனியைப் பற்றிச் சில வார்த்தை பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். பழைய உடுப்பில் சைக்கிள் ஓடும் எண்ணத்தைக் கொண்டுவந்தவர்கள் லண்டனில் இருந்து வந்திருக்கும் நாங்கள் நால்வர்தான். ஆகவே புகழோ பழியோ எங்களைச் சேரட்டும்.

லண்டனில் 2009 ஆம் ஆண்டு தொடங்கிய 'ருவீட் ரன்' என்றொரு பவனி இருக்கிறது. ருவீட் என்பது கரடுமுரடான கம்பளித் துணி. அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு, கிடைத்தால் அந்தக் காலத்துச் சைக்கிளிலேயே, நகரின் நடுவே மெதுவாக ஓடுவார்கள். போட்டி இல்லை. இடையில் தேநீர் உண்டு. நல்ல மீசைக்குக்கூடப் பரிசு உண்டு. ஒரு வருடம் நாங்களும் போனோம். பழைய துணிக்கடையில் வாங்கிய நீண்ட கம்பளிப் பாவாடையும் இரவல் தொப்பியும்தான் எங்கள் அலங்காரம். சிவப்பு பஸ்ஸில் இருந்தவர்கள் கை காட்டினார்கள். நாங்களும் மகாராணிகள் போலக் கை காட்டினோம். ஒரு மைல் போவதற்குள் எங்களில் ஒருத்தியின் பாவாடை செயினுக்குள் போய்விட்டது. கத்தரிக்கோல் தேட வேண்டியதாயிற்று.

தெருவோரத்தில் அதை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, காற்சட்டை அணிந்த ஒரு வெள்ளைக்கார அம்மா சைக்கிளை நிறுத்தி எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் காலத்துச் சைக்கிள்காரிகள் பலர் இந்தப் பாவாடையை எதிர்த்துத்தானே சண்டை பிடித்தார்கள் என்றார். அன்று சிரித்துவிட்டு வந்தோம். பிறகு தேடிப் படித்தோம்.

1881 இல் லண்டனில் பெண்களின் உடைச் சீர்திருத்தத்துக்காக ஒரு சங்கம் தொடங்கியது. உள்ளாடைகளின் நிறை 7 இறாத்தலுக்கு மேற்படக் கூடாது என்பது அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. மூன்று கிலோவுக்கும் அதிகம், அதுவும் உள்ளாடை மட்டும்! 1893 இல் ரெஸ்ஸி றெய்னோல்ட்ஸ் என்ற 16 வயதுப் பிள்ளை பிரைட்டனில் இருந்து லண்டனுக்குப் போய்த் திரும்பினாள். எட்டரை மணித்தியாலமும் சில நிமிடங்களும் எடுத்தாள். ஆனால் அவளுடைய வேகத்தைவிட அவள் போட்டிருந்த காற்சட்டையைப் பற்றித்தான் ஊர் கூடுதலாகப் பேசியது. 1898 இல் லேடி ஹார்பேட்டன் அதே மாதிரி உடையில் சரே மாவட்டத்து ஹோட்டல் ஒன்றுக்குப் போனபோது, கோப்பி அறைக்குள் விட மறுத்தார்கள். வழக்குப் போட்டும் அடுத்த வருடம் தோல்விதான். எங்கள் மருத்துவத் தொழிலும் அந்தக் கூத்தில் பங்கெடுத்தது. சைக்கிள் ஓடினால் பெண்களுக்கு 'சைக்கிள் முகம்' வந்துவிடும், கண் பிதுங்கித் தாடை இறுகிவிடும் என்று சில வைத்தியர்கள் பயமுறுத்தினார்கள்.

ரெஸ்ஸிக்கு 16 வயது என்று வாசித்தபோது எங்களுக்கு 1995 தான் நினைவுக்கு வந்தது. அப்போது எங்களுக்கும் 16. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய்ப் புகையோடு போகும். மற்றதெல்லாம் சைக்கிள்தான். ரியூசனுக்கும் சைக்கிள், பாட்டுக் கேட்கவும் சைக்கிள்: ஸ்ராண்டில் ஏற்றி ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ பாடும். அந்த வருடம் ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் ஊரே வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தால் சனம் நகரவே முடியாமல் நெருக்கிக்கொண்டு போனது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அம்மம்மாவைக் கரியரில் இருத்திச் சாவகச்சேரி மட்டும் உருட்டிக்கொண்டு போனாள். அவளுடைய உடுப்பு என்ன என்று கேட்டால் எங்களுக்கு ஞாபகம் இல்லை. சைக்கிள் லுமாலா என்பது ஞாபகம் இருக்கிறது.

ஆகவே விழாக்குழுக் கூட்டத்தில், 1950 களின் வெள்ளைச் சேலையோ பாவாடை தாவணியோ உடுத்துச் சைக்கிள் ஓடுவோம், படத்துக்கு வடிவாய் இருக்கும் என்று நாங்கள் சொன்னது ஆர்வக்கோளாறு. இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கும் எங்கள் ரீச்சர், 84 வயதில், ஒரே வசனத்தில் அதை நிப்பாட்டினார்: "பிள்ளையள், அந்த உடுப்போடை எங்களைச் சைக்கிளிலை ஏற ஆர் விட்டவை?" நடந்தும் பஸ்ஸிலும்தான் அவர்கள் வந்தார்களாம். ரீச்சர் சைக்கிள் பழகியது 50 வயதில், பெற்றோல் இல்லாத காலத்தில், படிப்பிக்க வர வேறு வழியில்லாமல். மகன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாராம். இரண்டு தரம் வேலியில் விழுந்தாராம். பிறகு கொய்யகத்தைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஆறு கிலோமீற்றர்.

அதன்பின் குழு தீர்மானத்தை மாற்றியது. எந்த உடுப்பில் உண்மையாகச் சைக்கிள் ஓடினீர்களோ அதிலேயே வாருங்கள். ரீச்சர் நூல் சேலையில் வருவார். நாங்கள் வெள்ளைச் சீருடையும் ரையும் தைப்பித்து வைத்திருக்கிறோம். அளவு மட்டும் பழைய அளவில்லை. ஒருநாளும் ஓடாத அக்காமார் முச்சக்கர வண்டியில் ஏறி மணி அடிக்கலாம்.

இன்றைய மாணவியர் முன்னால் போவார்கள். இருபது பேரை எதிர்பார்த்தோம், பதினொருவர்தான் பெயர் தந்தார்கள். கல்லூரிச் சைக்கிள் கொட்டகையும் பாதி வெறுமையாய் இருக்கிறது. பிள்ளைகளை வானில் அனுப்பும் தாய்மார் சிலரோடு பேசினோம். றோட்டுக்குப் பயம் என்கிறார்கள். தலைக்காயங்களைப் பார்க்கிற எங்களால் அதைப் பொய்யென்று சொல்ல முடியாது. எங்கள் காலத்துத் தெரு வெறுமையாய்க் கிடந்தது பொருளாதாரத் தடையால். அதை நல்ல காலம் என்று ஒருநாளும் சொல்லமாட்டோம். ஆனாலும் ஒரு தாய் "தனியப் போய்ப் பழகிவிட்டால் பிறகு சொல்வழி கேளாள்" என்றபோது, சைக்கிள் முகம் என்று பயமுறுத்திய வைத்தியர்கள் எங்கள் கண்ணுக்குள் வந்து போனார்கள். அவவின் மகள் பெயர் தரவில்லை. நாளை காலை மறுபடி கேட்டுப் பார்ப்போம். தலைக்கவசம் ஒன்று மேலதிகமாக இருக்கிறது.

இனி அலுவல் விசயம். காலை 6 மணிக்குக் கல்லூரி வாசல். நல்லூர், பொது நூலகம், பண்ணைக் கடற்கரை, திரும்பக் கல்லூரி. முந்தானையையும் சோலையும் இடுப்பில் இறுக்கிச் சொருகுங்கள். சில்லுக்குள் போனால் கழுத்துக்குத்தான் ஆபத்து. பேரப்பிள்ளைகளைக் கரியரில் ஏற்றாதீர்கள். கம்பிக்குள் குதிக்கால் அகப்பட்டால் நாங்கள்தான் தைக்க வேண்டும்.

ரீச்சரின் சைக்கிளுக்குப் பின் ரயர் வெடித்துக் கிடக்கிறது. 26 அங்குலம். யாரிடமாவது இருந்தால் சாப்பாடு முடிந்து போகுமுன் எங்களிடம் சொல்லுங்கள்.