ஒரு புள்ளியின் பெறுமதி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சொல்வதெழுதலில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து, நாம் புள்ளி இழந்த நாட்கள் நினைவிருக்கும். ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். எமது உடற்கலங்களுக்குள்ளும் இதே பாடம்தான் நடக்கிறது.

கலம் புரதத்தை ஆக்கும்போது, தூது ஆர்.என்.ஏ.யின் மூன்றெழுத்துச் சொல் ஒவ்வொன்றையும் இனங்கண்டு, உரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது இடமாற்று ஆர்.என்.ஏ. உயர்தர உயிரியல் வகுப்பில் அதை வரைந்து பாடமாக்கினோம். அதன்மீது நொதியங்கள் சிறு இரசாயனக் குறிகளை இடுகின்றன. வாசிப்புப் பிழைக்காமல் காப்பவை அக்குறிகளே.

லைசின் என்ற அமினோ அமிலத்துக்கான இடமாற்று ஆர்.என்.ஏ.யில், 37ஆம் இடத்தில், கந்தகம் கொண்ட ஒரு குறியை இடுவது சி.டி.கே.ஏ.எல்.1 என்ற நொதியம். இதன் பரம்பரையலகிலுள்ள வேறுபாடு இரண்டாம் வகை நீரிழிவுடன் தொடர்புடையதென 2007இல் வெளியான ஆய்வுகள் காட்டின. காரணத்தை 2011இல் ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் கண்டனர். சதையியின் பீற்றா கலங்களில் இந்நொதியம் இல்லாதபோது, லைசினுக்குரிய சொல் தவறாக வாசிக்கப்பட்டது. இன்சுலினின் முன்னோடிப் புரதத்தை வெட்டவேண்டிய ஓரிடத்தில் லைசின் உண்டு. அங்கே பிழைத்தால் நல்ல இன்சுலின் குறையும்; குருதிச் சீனி ஏறும்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. “டொக்டர், நான் தேத்தண்ணிக்குச் சீனியே போடுறதில்லை. எனக்கு ஏன் வந்தது?” என்று மெலிந்த தாய்மார் கிளினிக்கில் கேட்பார்கள். நம்பாமல், வைத்தியர்களாகிய நாங்களே ஏசியிருக்கிறோம். அது எங்கள் பிழை.

நீரிழிவுக்குக் காரணங்கள் பல. பிறப்போடு வந்த இந்த வேறுபாடு அவற்றில் ஒன்று மட்டுமே. உணவும் நடையும் இன்னும் எம் கையில்தான் உள்ளன. ஆனால் நோயாளியைக் குற்றவாளியாக்க எமக்கு உரிமையில்லை.

சகோதரிகளே, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நீரிழிவு இருந்தால், கர்ப்பகாலத்தில் உங்களுக்குச் சீனி கூடியிருந்தால், மெலிந்திருந்தாலும் குருதியைச் சோதியுங்கள். தூரதேசத்திலிருந்து அம்மாவுடன் கதைக்கும்போது, “இனிப்புச் சாப்பிட்டீங்களோ?” என்று அதட்டாமல், “மருந்து எடுத்தீங்களோ?” என்று கேளுங்கள்.

விடுபட்ட புள்ளியை எமது ஆசிரியைகள் சிவப்பு மையால் திருத்தினார்கள். அதற்காக எம்மை ஒதுக்கவில்லை. நாமும் அவ்வாறே இருப்போம்.